பன்னிரண்டு இருபது வரை திருவோணம்

வெளிநாட்டுக் கடற்கரைக்குப் போகிறவர்கள் செய்கிற முதல் தப்பு செருப்பில்தான். நம் ஊர் மாதிரி அங்கேயும் மணல் இருக்கும் என்று நினைத்து ரப்பர் செருப்பு ஒரு ஜோடியைப் பெட்டியில் போட்டுக்கொள்வார்கள். பிரான்சு தேசத்தில், மத்தியதரைக் கடலோரத்தில், நீஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊர்க் கடற்கரையில் மருந்துக்குக்கூட மணல் கிடையாது. முழுக்கக் கூழாங்கல். அதைத் தெரிந்துகொண்டுதான் திண்டிவனத்தில் அடி தடித்த செருப்பாகப் பார்த்து இரண்டு ஜோடி வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று என் மனைவி விஜயலட்சுமிக்கு. என் வீட்டைச் சோதனை போட்டபோது நீங்கள் அள்ளிக்கொண்டு போன பொருள்களில் அவையும் இருக்கின்றன, இன்ஸ்பெக்டர் ஐயா. வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திருப்பிக் கொடுத்தால் நல்லது.

வாயால் சொல் என்றீர்கள். நான்தான் எழுதித் தருகிறேன் என்று பேப்பர் கேட்டேன். உங்கள் ஏட்டு எழுதினால் ‘மேற்படி நபர்’, ‘மேற்படி நபர்’ என்று எழுதி, கடைசியில் அது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

என் பெயர் அசோகன். வயது நாற்பத்தெட்டு. மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில் எங்களுக்கு உப்பளம் இருக்கிறது. அப்பா காலத்து அளம். அப்பா பெயர் ஆதிமூலம், வயது எண்பத்தொன்று. போன வியாழக்கிழமை வரை.

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் பாத்திகளில் ஒரு அடி சேறு நின்றது. அதை வழித்தெடுத்து, வரப்புக் கட்டி, மறுபடி வெள்ளையாக ஏதாவது கண்ணில் படுவதற்குள் ஒரு சீசன் முழுசாகப் போய்விட்டது. அதிலிருந்து எனக்கும் இந்தக் கடலுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காலையில் எழுந்தால் எதிரே இருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தச் சமயத்தில்தான் மச்சான் சகாதேவன் போன் செய்தான். விஜயாவின் தம்பி. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்து, அந்த வழியாக நீஸ் போய், ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறான்.

“இங்க கடலு நின்ன எடத்துல நிக்கும் மாமா. ஏறுறது எறங்குறது அவ்வளவா கெடையாது. சத்தமே போடாது. அக்காவக் கூட்டிக்கினு ஒரு பதினஞ்சு நாளு வந்துட்டுப் போங்க” என்றான்.

நின்ற இடத்தில் நிற்கிற கடல். ஐயா, சுனாமியில் அளத்தை இழந்தவனிடம் இப்படி ஒரு வார்த்தையைச் சொன்னால் அவன் என்ன ஆவான்? எனக்கு அன்றைக்கே மனசு பாதி அங்கே போய்விட்டது. மீதியையும் உடம்பையும் கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் பாக்கி.

எதையும் திட்டம் போட்டுச் செய்கிறவன் நான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். புதுச்சேரியில் இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து நீஸ் நகர மேப்பைப் பிரிண்ட் எடுத்து, உப்புக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். ஜூன் மாதம் அங்கே வெயில் எத்தனை டிகிரி, எந்தத் தெருவில் மீன் மார்க்கெட், கடலோர ரோட்டில் நீல நாற்காலி போட்டிருப்பார்களே, அதில் சும்மா உட்காரலாமா, எல்லாம் எனக்கு அத்துப்படி. அளத்தில் வேலை செய்கிற கன்னியப்பன் தினமும் மேப்பின் முன்னால் நின்று பீடி பிடிப்பான்.

“ஏங்க, இதுல நம்ம ஊரு எங்க இருக்குது?” என்று ஒரு நாள் கேட்டான்.

“இதுல கெடையாதுப்பா.”

“அப்ப நல்ல ஊருதாங்க” என்றான்.

அவனிடம் சொல்லியிருக்கிறேன், அங்கே போய் முதல் வேலையாக அந்தக் கடலில் டிகிரி பார்க்கப் போகிறேன் என்று. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டுமே, அந்தக் கண்ணாடிக் குழாயைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தேன். நம் கடல் மூன்று டிகிரி. அது மூன்றரைக்கு மேல் இருக்கும் என்று என் அபிப்பிராயம். இப்போது அது அபிப்பிராயமாகவே நின்றுவிட்டது.

விஜயாவுக்கு இதில் அவ்வளவு பிடிப்பு இல்லை. “அங்கயும் கடல்தானங்க இருக்குது? இங்க இருக்கிறதையே நீங்க ஒழுங்கா பாத்ததில்ல” என்றாள். ஆனாலும் தம்பியைப் பார்க்கிற ஆசையில் சரி என்றாள். சரி என்ற வாய் மூடுவதற்குள், “மாமாவ யாரு பாத்துக்குவாங்க?” என்றாள்.

நோட்டில் இப்படி எழுதினேன். ஒன்று, பாஸ்போர்ட். இரண்டு, விசா. மூன்று, ஸ்வெட்டர். நான்கு, செருப்பு. ஐந்து, மாங்காய் ஊறுகாய். ஆறு, டிகிரிக் குழாய். ஏழு, அப்பா. ஏப்ரலுக்குள் ஆறையும் டிக் அடித்துவிட்டேன். விசாவுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஏழு மட்டும் அப்படியே இருந்தது.

அப்பா மூன்று வருஷமாகப் படுக்கை. பாத்தி வரப்பில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தது. அதன் பிறகு இதயம் வீங்கிவிட்டது என்று திண்டிவனத்து டாக்டர் சொன்னார். உப்பு தொடவே கூடாது, தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும், தினம் ஒரு மாத்திரை. மற்றபடி குரல் மட்டும் எட்டூருக்குக் கேட்கும். அவரை மூன்று வருஷமாக நான் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கஞ்சி கொடுப்பது, இதெல்லாம் விஜயா செய்வாள். நான் சொன்னது பொறுப்பை.

ஏழாவதற்கு நான் முயற்சியே செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெருமுக்கலில் இருக்கிற அக்காவைக் கேட்டேன். அவளுக்கு முட்டி வலி, மாடு கன்று போடப் போகிறது, சம்பந்தி வருகிறார், மூன்றும் ஒரே பதினைந்து நாளில். ஒரு முதியோர் இல்லத்தில் கேட்டேன். எழுந்து நடக்கிறவர்களைத்தான் சேர்ப்போம் என்றார்கள். எழுந்து நடந்தால் நான் ஏன் சேர்க்கப் போகிறேன்? பக்கத்து வீட்டு ராசம்மாளைக் கேட்கலாம் என்று விஜயா சொன்னாள். ராசம்மாள் எங்கள் அளத்தில் இருபது வருஷம் உப்புச் சுமந்தவள். இடுப்பு பிடித்துக்கொண்டதும் வேலைக்கு வர வேண்டாம் என்று நான்தான் நிறுத்தினேன். நிறுத்தினவளிடமே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. நீயும் கேட்கக் கூடாது என்று விஜயாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இதற்கு நடுவில் அப்பா தினமும் உப்பு கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாப்பது வருஷம் ஊருக்கே உப்பு போட்டவன்டா நானு. எனக்கு ஒரு கல்லு கெடையாதா? வாயில மண்ண வெச்ச மாதிரி இருக்குது” என்பார். சில நாள் அழுவார். நியாயமான கேள்விதான். கொட்டகையில் டன் கணக்கில் குவிந்து கிடக்கிறது, பெற்றவருக்கு ஒரு கல் கிடையாது என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் மனசு கேட்கும்? எனக்குக் கேட்கவில்லை. மே இரண்டாவது வாரத்தில், மதியக் கஞ்சியை இனி நான்தான் கொடுப்பேன் என்று விஜயாவிடம் சொல்லிவிட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. தெருவில் நாலு பேர் என்னைப் பார்த்துப் பெருமையாகப் பேசினார்கள்.

முதல் நாள் கஞ்சியில் ஒரு கைப்பிடி போட்டேன். அப்பா ஒரு வாய் விழுங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. “நல்லா இருடா” என்றார். அவர் என்னை அப்படிச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. மறுநாள் கொஞ்சம் கூட்டினேன். கருவாடும் வைத்தேன். மாத்திரையை நிறுத்திவிட்டேன். மருந்தும் ருசியும் ஒன்றோடொன்று சண்டை போடக் கூடாது. அவர் கடைசியாகச் சந்தோஷமாக இருந்த எட்டு நாளும் நான் கொடுத்தது. வேறு யாரும் கொடுக்கவில்லை. இதையும் நீங்கள் எங்காவது பதிவு செய்ய வேண்டும்.

ஐந்தாம் நாள் கால் வீங்கியது. “மாமாவுக்கு மூச்சு வாங்குதுங்க. டாக்டராண்ட காட்டலாமா?” என்று விஜயா கேட்டாள். கத்திரி வெயில், எல்லோருக்கும்தான் வாங்குகிறது என்றேன்.

இங்கே நாள் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு எந்த ஊரோ எனக்குத் தெரியாது, அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் சாகிற நட்சத்திரம் முக்கியம். சில நட்சத்திரத்தில் போனால் அடைப்பு என்பார்கள். உயிர் போன இடத்தை அடைத்து வைத்து, அங்கே தினமும் சாயங்காலம் விளக்கேற்றித் தண்ணீர் வைக்க வேண்டும். வீட்டு ஆட்கள் ஊரை விட்டு நகரக் கூடாது. மீறினால் அடுத்தடுத்துச் சாவு விழும் என்பது நம்பிக்கை. சில நட்சத்திரத்துக்கு இரண்டு மாதம். அவிட்டத்தில் ஆரம்பித்து ரேவதி முடிய ஐந்து நட்சத்திரத்துக்கு ஆறு மாதம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. விஜயாவுக்கு உண்டு. அடைப்பு விழுந்தால் அவள் விமானம் என்ன, டவுன் பஸ்கூட ஏற மாட்டாள்.

ஆகவே காலண்டரை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து எண்ணினேன். விமானம் ஜூன் இரண்டாவது வாரம். அதற்கு முன்னால் பதினாறாம் நாள் கருமாதி முடிந்திருக்க வேண்டும். வருஷம் திரும்புவதற்குள் மலை ஏறக் கூடாது என்பார்கள். நீஸ் நகரத்தில் ஒரு குன்று இருக்கிறது, அதன் மேலிருந்து பார்த்தால் கடல் மொத்தமும் தெரியுமாம். பரவாயில்லை என்று அதை லிஸ்டிலிருந்து அடித்துவிட்டேன். எல்லாம் போக மிஞ்சியது ஒரே ஒரு நல்ல நாள். வியாழக்கிழமை, திருவோணம், பகல் 12.20 வரை. அதற்கு அப்புறம் அவிட்டம்.

உப்பும் கருவாடும் அன்றைக்கு விடியும்போதே வேலையை முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை. அப்பா எந்த ஜோலியிலும் சொன்ன நேரத்துக்கு வந்தவர் கிடையாது. வியாழக்கிழமை காலை விஜயா விசா குத்திய பாஸ்போர்ட்டுகளை வாங்க புதுச்சேரி பஸ் ஏறினாள். நான் ஏழு மணிக்கே அளத்துக்குப் போய், கன்னியப்பனிடம் நாலு வார்த்தை கத்தி, இருப்பதைக் காட்டிக்கொண்டேன். பதினொன்றரைக்குக் கொட்டகைக்குள் கணக்குப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, வாய்க்கால் கரை வழியாக வீட்டுக்கு நடந்தேன். தலையணை ஒன்று போதுமானதாக இருந்தது. பன்னிரண்டு ஐந்துக்கு அவர் அசைவது நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன், பதினைந்து நிமிஷம் மிச்சம். திரும்பி வந்து கொட்டகையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள், லிஸ்டில் கடைசி டிக் போடும்போது யாருக்கும் வருகிற நிம்மதிதான்.

இரண்டு மணிக்குச் சாப்பிடப் போகிறவனாக வீட்டுக்குப் போய், அப்பாவைப் பார்த்து, சத்தம் போட்டேன். தெரு கூடியது. விஜயாவும் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தாள். பாஸ்போர்ட் வைத்த கைப்பையைத் தோளில் இருந்து இறக்காமலே விழுந்து அழுதாள். அதுவரைக்கும் எல்லாம் நோட்டில் இருந்தபடியே நடந்தது.

பஞ்சாங்கம் பார்க்கிற கலியபெருமாள் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “உசுரு எப்பப்பா போச்சு?”

“பன்னெண்டு அஞ்சுக்கு” என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

“நீ ரெண்டு மணிக்குத்தான வந்து பாத்த? யாரும் கிட்ட இல்லன்னா, பாத்த நேரந்தான் நேரம். அவிட்டம்பா. ஆறு மாசம் அடைப்பு. பின்பக்கச் செவுத்த இடிச்சு அந்த வழியாத்தான் எடுக்கணும்.”

விஜயா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து என் மடியில் வைத்தாள். “தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க. நான் எங்கயும் வரல” என்றாள்.

யோசித்துப் பாருங்கள் ஐயா, என் நிலைமையை. பன்னிரண்டு ஐந்துக்கு நான் அளத்தில் இருந்தேன் என்றால் எனக்குப் பாதுகாப்பு. வீட்டில் இருந்தேன் என்றால் திருவோணம். இரண்டும் ஒருசேர வேண்டும் என்றால் கிடைக்காது. அரை நிமிஷம் யோசித்தேன். நீஸ்தான் என்று முடிவு செய்தேன்.

“நான் கிட்டயேதான் இருந்தேன். என் கண்ணு முன்னாலதான் போச்சு. பன்னெண்டு அஞ்சு. திருவோணம். நல்லாப் பாத்து எழுதுங்க” என்றேன்.

கன்னியப்பன் தலையைச் சொறிந்தான். “ஏங்க, நீங்க கொட்டாயிலதான இருந்தீங்க?”

“நடுவுல வந்தேன்.”

“வந்து, அவரு செத்தத பாத்துட்டு, திரும்ப வந்து உக்காந்து தண்ணி குடிச்சீங்களா?”

பதில் சொல்வதற்குள் வாசல் பக்கமிருந்து ராசம்மாள் உள்ளே வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெல்ல நடந்து, கலியபெருமாளுக்கு எதிரே நின்றாள்.

“பன்னெண்டு அஞ்சுக்கு அவரு சாவலீங்க. கூனிமேட்டுப் பள்ளிவாசல்ல பாங்கு சொல்லி முடிச்சப்புறம் எங்கிட்ட பேசிக்கினு இருந்தாரு. பன்னெண்டே முக்கால் இருக்கும்.”

அப்போதுதான் தெரிந்தது, அவள் தினமும் வந்துகொண்டிருந்தாள். நான் அளத்திலும் விஜயா கிணற்றடியிலும் இருக்கும் நேரமாகப் பார்த்து, பின்வாசல் வழியாக வந்து, அப்பாவோடு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவாளாம். இரண்டு வருஷமாக. என் வீட்டில் நடந்தது என் நோட்டில் இல்லை.

“வேர்த்து ஊத்திச்சு. நெஞ்ச அடைக்குதுன்னாரு. ஒதட்டுல ரத்தம் வேற. இன்னாங்க ரத்தம்னு கேட்டேன். பல்லு பட்டுடுச்சும்மான்னாரு. பையனக் கூப்புடட்டுமான்னேன். வேணாம், அவன் வேலையா இருக்கான்னாரு” என்றாள் ராசம்மாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அப்புறம் எங்கையப் புடிச்சுக்கினாரு. பையன் வெளிநாடு போறான், என்னாலதான் தவிக்கிறான், ஒரு பதினஞ்சு நாளு நீ வந்து எனக்குக் கஞ்சி ஊத்துறியான்னு கேட்டாரு. ஊத்துறேங்க, நீங்க கவலப்படாதீங்கன்னேன். சிரிச்சாரு. சாயங்காலம் நானே அவங்கிட்ட சொல்றேன், சந்தோஷப்படுவான்னாரு. ஆட்டப் புடிச்சுக் கட்டிட்டு வரலாம்னு போனேன். அதுக்குள்ள போயிட்டாரே.”

அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். விஜயா ராசம்மாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மூன்று வருஷமாக அந்த வாயைத் துடைத்துவிட்டவள் அவள்தான்.

“மாமாவுக்கு ஏது பல்லு?” என்றாள்.

கலியபெருமாள் பஞ்சாங்கத்தை மூடினார். உங்களுக்கு யார் போன் செய்தது என்று நான் கேட்கப் போவதில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த செல்போன் சகாதேவன் வாங்கிக் கொடுத்த ஒன்றுதான், அது விஜயாவின் கைப்பையில் இருந்தது.

இப்போது என் தரப்பைச் சொல்கிறேன். என் வேலை பன்னிரண்டு ஐந்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு அவர் கண் விழித்திருக்கிறார், பேசியிருக்கிறார், சிரித்திருக்கிறார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், அவிட்டத்தில், தானாகப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் நான் நிஜமாகவே கொட்டகையில்தான் இருந்தேன். கன்னியப்பனே சாட்சி. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள் என்று காட்டினீர்கள். அவர்கள் நட்சத்திரம் பார்த்து எழுதுகிறவர்கள் இல்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். வாக்குமூலம் என்றால் முழுசாக இருக்க வேண்டும் என்று சொன்னீர்கள், அதனால் எழுதுகிறேன். நான் தலையணையைக் கையில் எடுத்தபோது அப்பா முழித்துக்கொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வந்துட்டியா, நல்லதாப் போச்சு. நீ ஊருக்குப் போறதப் பத்தி ஒண்ணு சொல்லணும்டா. நம்ம ராசம்மா இருக்குதே...” என்று ஆரம்பித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஐம்பத்திரண்டு. ராசம்மாளைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் அவள் முதன்முதலில் அளத்துக்கு வந்த வருஷத்திலிருந்து தொடங்குவார். முக்கால் மணி நேரம் ஆகும். திருவோணம் அதுவரைக்கும் இருக்காது. அவர் நேராக விஷயத்துக்கு வந்திருந்தால் இன்று அவர் உயிரோடு இருந்திருப்பார், நாங்களும் ஜூனில் நீஸ் போயிருப்போம். இத்தனையும், ஐயா, ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாத ஒரு மனிதரால் வந்தது.